பூசைக்கா நூல்கள்?

ஆண்டுக்கு ஒரு நாள் ஏடுகளை அடுக்கிவைத்துச் சந்தனம் தடவி, பூச்சூட்டி, "இன்று படிக்காதே!" என்று பிள்ளைக்குக் கட்டளையிடும் நாடு நம் நாடு. கலைமகள் பூசையாம்! அந்த மூட்டை அறிவு ஒரு நாளோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். நிற்கவில்லை, தோழர்களே! நூல் என்றால் கும்பிடத்தக்கது, பூட்டத்தக்கது, கண்டவன் கைபடத் தகாதது என்ற எண்ணம் கோயிலிலிருந்து கிளம்பி, மடத்தில் தங்கி, கல்விக்கூடத்து அலமாரியிலும் குடியேறிவிட்டது.

மேல்நாட்டிலும் இந்த மடமை இருந்தது. இங்கிலாந்தில், தேவாலயத்து நூலகங்களிலே, நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த காலம் ஒன்றுண்டு. ஆனால் அவர்கள் சங்கிலியை அறுத்தார்கள். இங்கே அந்த வேலையைத் தொடங்கியவர், கணிதப் பேராசிரியராக இருந்த எஸ். ஆர். அரங்கநாதன். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். இலண்டன் சென்று நூலகக் கலை கற்றுத் திரும்பினார். வாசகன் தானே அலமாரியை அணுகி நூலைத் தொட்டுப் பார்க்கும் முறையைக் கொணர்ந்தார். 1931இல் அவர் வகுத்தளித்த ஐந்து விதிகளில் முதல் விதி என்ன? நூல் பயன்படுத்துவதற்கே என்பதுதான்! இதைக்கூட விதியாக எழுத வேண்டியிருந்தது என்றால், நாம் இருந்த நிலை எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள்!

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில்தான் பிறந்தது. வீட்டுவரியோடு நூலக வரியும் மக்களிடம் பெறப்பட்டது. ஆகவே, நூலகம் எவரும் இடும் பிச்சையல்ல. வரி கொடுத்தவன் வாங்கிய உரிமை.

இனிச் செட்டிநாட்டுக்கு வாருங்கள். பர்மாத் தேக்கும், இத்தாலியப் பளிங்கும், பெல்ஜியக் கண்ணாடியும் கடல் கடந்து வந்து மாளிகைகளாக நின்ற சீமை இது. கோயில் திருப்பணிக்குக் கொட்டிய பொன்னுக்குக் கணக்கில்லை. 1942இல் ஜப்பானியர் படை பர்மாவுக்குள் புகுந்தது. ஓடி வந்தவர் உயிரைக் கொண்டுவந்தனர், உடைமையை விட்டுவந்தனர். குடமுழுக்குக் கண்ட எந்தக் கோபுரமும் அந்தச் செல்வத்தைத் தடுத்து நிறுத்தவில்லை!

நிலைத்தது எது? கோட்டையூரில் 1909இல் பிறந்த அழகப்பர் கல்வியில் போட்ட பணம் நிலைத்தது. 1947இல் காரைக்குடியில் கல்லூரி கண்டார். மின்வேதியியல் ஆய்வகம் இங்கே அமைய 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் ஈந்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953இல் அது திறக்கப்பட்டது. அழகப்பர் 1957இல் மறைந்தார். அவர் விதைத்தது 1985இல் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. வள்ளல் என்று பாராட்டுகிறோம், பாராட்டத்தான் வேண்டும்.

அதே கோட்டையூரில் இன்னொருவர் இருந்தார். அவரிடம் ஆலையில்லை, ஆயிரம் ஏக்கரில்லை. விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பெயர் ரோஜா முத்தையா. ஊர் ஊராய் அலைந்து நூல் சேர்த்தார், நூல் மட்டுமா? பழைய இதழ், நாடக விளம்பரத் தாள், பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ், கடிதம் என்று மற்றவர் குப்பையென்று தள்ளியதையெல்லாம் வரலாறென்று கண்டு காத்தார். ஏறத்தாழ ஓர் இலட்சம் உருப்படிகள்! பூச்சி அரிக்காமல் மருந்திட்டுக் காத்தார், பூசை போட்டல்ல!

1992இல் அவர் மறைந்தார். பல்கலைக்கழகம் தோன்றி ஏழாண்டுகள் ஆகியிருந்தன. அது இருந்ததோ சில கல் தொலைவில். அந்தக் கருவூலத்தை விலை கொடுத்து வாங்கியது யார்? அமெரிக்கச் சிகாகோப் பல்கலைக்கழகம்! 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. நூல்கள் தமிழ்நாட்டிலேயே தங்கின, நுண்படம் எடுக்கப்பட்டன, உலகம் பயன் பெறுகிறது. சிகாகோவுக்கு நன்றி சொல்வோம். ஆனால் நன்றி சொல்லும் நாவிலேயே நாணமும் சுரக்க வேண்டாமா? தமிழன் தொகுத்த தமிழ்ச் செல்வத்தைக் காக்கத் தமிழ்நாட்டுப் பணம் முன்வரவில்லையே! கோபுரக் கலசத்துக்குத் தங்கம் கிடைத்த சீமையில் காகிதத்துக்குக் காசு கிடைக்கவில்லையே!

"நூல்கள் பத்திரமாகத்தானே உள்ளன, ஏன் புலம்பல்?" என்பார் சிலர். பத்திரமானது ஒரு முத்தையா சேர்த்தது. சேர்ப்பாரற்றுப் போனவை எத்தனை? செட்டிநாட்டு வீடுகள் இடிக்கப்படும்போது கதவுக்கு விலையுண்டு, தூணுக்கு விலையுண்டு. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் அவற்றைக் காணலாம். பரணிலிருந்த பர்மாக் கணக்கேடு? சொ. முருகப்பா நடத்திய 'குமரன்' போன்ற சீர்திருத்த இதழ்? அவை எடைக்குப் போகின்றன! கணக்கேடு போனால், கடன்பட்ட பர்மிய உழவன் நிலமிழந்த கதையும் போகும். இதழ் போனால், கைம்பெண் மறுமணத்துக்கு வாதாடிய குரலும் போகும். பிறகு, "இங்கே எல்லாரும் பக்தராகவே வாழ்ந்தனர்" என்று எவரும் எழுதலாம். மறுக்க நம்மிடம் சான்றிராது.

"எல்லாம் கைப்பேசியில் இருக்கிறதே!" என்பார் வேறு சிலர். எவரேனும் காத்து, படமெடுத்து ஏற்றியதுதான் அங்கே இருக்கும். கறையான் தின்றதைக் கைப்பேசி காட்டாது.

"பொதுமக்களை வளாக நூலகத்துக்குள் விட்டால் நூல் தொலையும், கிழியும்" என்பது மூன்றாவது வாதம். படித்துக் கிழிந்த நூல் தன் கடமையைச் செய்த நூல். படிக்கப்படாமல் மட்கிய நூலுக்கு அந்தப் பெருமையும் இல்லை. தொட்டால் தீட்டு என்ற பழைய பாட்டுக்கே இது புது மெட்டு! அன்று சாதி சொல்லித் தடுத்தனர். இன்று அடையாள அட்டை கேட்டுத் தடுப்பதா?

எனவே நாம் கேட்பவை மூன்று. மக்கள் வரிப்பணம் பெறும் எந்தப் பல்கலைக்கழகமும், மாலை வேளையிலேனும், தன் நூலகத்தை ஊராருக்குத் திறக்கட்டும். தச்சரும் தையற்காரரும் வந்தமரட்டும். செட்டிநாட்டுச் சிற்றூர்தோறும் வீடுகளில் கிடக்கும் ஏடுகளைத் தொகுத்துக் காக்கும் பொறுப்பை அழகப்பர் பெயர் தாங்கிய பல்கலைக்கழகம் ஏற்கட்டும். திருப்பணிக்குத் தரும் கை, நூற்பணிக்கும் தரட்டும்.

அவர்கள் செய்யும்வரை காத்திராதீர், இளைஞர்களே! உங்கள் தெருவில் பூட்டிய வீடு எது, அதன் பரணில் இருப்பது என்ன என்று கேளுங்கள், பட்டியல் எழுதுங்கள், உரியவரிடம் இசைவு பெற்றுப் படமெடுங்கள். பலகை எழுதிப் பிழைத்த ஒரு மனிதர் ஓர் இலட்சம் சேர்த்தார். பல்லாயிரம் பேர் நாம், என்ன செய்யப் போகிறோம்?