ஒரு மீட்டர் இறக்கையில் ஆயிரம் வாட்டா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

‘வாங்கினால் சேமிப்பு, விற்றால் வருமானம்’ என்ற விளம்பரம் சில மாதங்களாக எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுச் சுவரிலும் தங்கள் இதழின் பக்கங்களிலும் தவறாமல் வருகிறது. மொட்டைமாடியில் வைக்கிற சிறிய காற்றாலையைத்தான் சொல்கிறேன். இதைக் கேட்பார் யாரும் இல்லையா?

ஆலங்குளத்தில் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். ஓடாமல் போன இந்தக் காற்றாலைகள் கடைசியில் என் மேசைக்குத்தான் வந்து சேருகின்றன. அண்மையில் வந்த ஒன்றின் தகட்டில் ‘1000 வாட்’ என்று போட்டிருந்தது. டேப் வைத்து அளந்தேன். இறக்கை முனைக்கு முனை ஒரு மீட்டர். அந்த வட்டத்துக்குள் நொடிக்கு 12 மீட்டர், அதாவது மணிக்கு 43 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தாலும் அந்தக் காற்றில் உள்ள மொத்த சக்தியே சுமார் 830 வாட்தான். அதில் 59 சதவீதத்துக்கு மேல் எந்த இறக்கையாலும் எடுக்க முடியாது என்பதை ஜெர்மானியரான ஆல்பர்ட் பெட்ஸ் நூறு வருஷத்துக்கு முன்பே நிறுவிவிட்டார். நடைமுறையில் சின்ன மிஷின் 30 சதவீதத்தை எட்டினாலே அதிகம். ஆக, புயல் மாதிரி அடிக்கிற காற்றில் 250 வாட். இதற்கு ஆயிரம் என்று தகடு அடித்தால் அதை மோசடி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

எங்கள் பக்கம் இது சுலபமாக விலைபோவதற்குக் காரணம் உண்டு. முப்பந்தல், ஆரல்வாய்மொழி, கயத்தாறு, சுரண்டை என்று திரும்பின பக்கமெல்லாம் பெரிய காத்தாடி சுற்றுவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். “அது சுத்துதுல்லா, இதுவும் சுத்தும்” என்று ஏஜெண்டு சொன்னால் நம்பிவிடுவோம். ஆனால் பெரியவை வெட்டவெளியில், 80, 100 மீட்டர் உயரத்தில் நிற்பவை. வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி, பக்கத்து வீட்டுச் சுவர், தென்னை எல்லாம் காற்றை மறித்துக் குழப்பிவிடும். காற்றின் வேகம் பாதியானால் மின்சாரம் பாதியாவதில்லை, எட்டில் ஒன்றாகிவிடும். இந்த ஒரு கணக்கை எந்த நோட்டீஸிலும் நான் பார்த்ததில்லை. ஆனி, ஆடியில் சுற்றுகிற இறக்கை ஐப்பசிக்குப் பிறகு பெரும்பாலும் சும்மாதான் நிற்கும். அதிர்வில் கைப்பிடிச் சுவர் விரிசல் விட்ட வீடுகளும் இருக்கின்றன.

மாடியில் சராசரியாக நொடிக்கு 4 மீட்டர் காற்று என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அந்த ஒரு மீட்டர் மிஷின் மாதம் 10, 12 யூனிட் தந்தால் பெரிது. யூனிட் 5 ரூபாய் என்றாலும் மாதம் 60 ரூபாய். என்னிடம் வந்த மிஷினுக்குக் கொடுத்த விலை 60,000. போட்ட பணம் திரும்ப 83 வருஷம்! நடுவில் பேட்டரி மாற்றுகிற செலவு தனி. நம் மாநிலத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால், அதற்குள் புழங்குகிற சிறு வீட்டுக்காரருக்கு அந்த 60 ரூபாயும் மிச்சமில்லை.

பிரிட்டனில் இந்தக் கூத்து முன்பே நடந்து முடிந்துவிட்டது. 2006இல் அங்கே ஒரு பெரிய கடைத்தொடரே வீட்டுக் காற்றாலையை விற்கத் தொடங்கி, 2009இல் கைவிட்டது. ‘வார்விக்’ ஆய்வு என்ற பெயரில் அங்கே கட்டடங்கள் மேல் பொருத்தி அளந்து பார்த்தபோது, சில மிஷின்கள் உற்பத்தி செய்ததைவிடத் தங்கள் சொந்த மின்னணுக் கருவிகளுக்கு எடுத்துக்கொண்டதே அதிகமாக இருந்தது.

சேமிப்பு இவ்வளவுதான் என்பதால்தான் ‘விற்றால் வருமானம்’ வருகிறது. வாங்கியவரிடமே, “நாலு பேரைச் சேர்த்துவிடுங்கள், போட்ட காசை எடுத்துவிடலாம்” என்கிறார்கள். மகளிர் குழுவில் கடன் எடுத்து ‘ஏரியா டீலர்’ ஆன ஒரு அக்கா, இப்போது வாங்கியவர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் எங்கள் தெரு வழியாக வருவதையே விட்டுவிட்டார். கம்பெனிக்காரர் போனை எடுப்பதில்லை. மற்றவர்களிடம் வாங்கச் சொல்லிச் சேர்த்துவிட்டால் விலை குறையும் என்று ஆசைகாட்டி விற்கக் கூடாது என்று 2021ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகளே சொல்கின்றன. பிரமிடு திட்டத்துக்கும் அதில் தடை உண்டு. விதி இருக்கிறது, கேட்கப் போனால் ஒரு அலுவலகம் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டுகிறது.

சிறிய காற்றாலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தோட்டத்தில், மரங்களைத் தாண்டிய உயரக் கம்பத்தில், சோலாரோடு சேர்த்து வைத்தால் பயன் உண்டு. ஆனால் மின்சாரத்தைச் செலவழிக்கிற சீலிங் ஃபேனுக்கு 2023 ஜனவரி முதல் நட்சத்திர லேபிள் கட்டாயம். மின்சாரம் தருவதாகச் சொல்லி 60,000 வாங்குகிற மிஷினுக்கு மட்டும் அப்படி ஒன்றும் வேண்டாமா? காற்றாலைகளைச் சோதிக்கிற தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் நம் சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கிறது, கயத்தாற்றில் அதன் சோதனை நிலையமும் இருக்கிறது. அங்கே சோதிக்காத எதையும் வீடுகளுக்கு விற்க அரசு அனுமதிக்கக் கூடாது. இறக்கையின் முனைக்கு முனை அளவும், நொடிக்கு 4 மீட்டர் காற்றில் மாதம் எத்தனை யூனிட் வரும் என்பதும் தகட்டிலேயே தமிழில் இருக்க வேண்டும்.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்து இந்த விளம்பரம் வந்தால், இறக்கை எத்தனை மீட்டர் என்று கேட்டு அதையும் சேர்த்தே அச்சிடுங்கள். சொல்ல மறுத்தால் விளம்பரத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஆலங்குளம், தென்காசி மாவட்டம்.