குட்டி யானையும் கைப்பேசியும்

புதியன யாவும் சிறந்தன என்னும் எண்ணம் இளைஞரிடையே வேரூன்றி வருகிறது. அஃது ஆராயத்தக்கது.

2005இல் டாட்டா நிறுவனம் 'ஏஸ்' என்னும் சிறு சரக்கு வண்டியை வெளியிட்டது. இரண்டு சிலிண்டர், 702 சி.சி. டீசல் என்ஜின், முக்கால் டன் சுமை, அவ்வளவே. எனினும் தமிழ் மக்கள் அதற்குக் 'குட்டி யானை' எனப் பெயர் சூட்டி மகிழ்ந்தனர். ஏன்? லாரி புகாத சந்திலும் அது புகுந்தது. கூலிக்கு ஓட்டியோர் பலரை உரிமையாளராக்கியது. பழுதுற்றால் தெருமுனைப் பட்டறையிலேயே சீர்பெற்றது.

இன்றைய கைப்பேசிகளோ பெரும்பாலும் மூடி ஒட்டப்பெற்றவை. மின்கலம் தளர்ந்தால் நாமே மாற்றுதல் அரிது. புதிது வாங்கவே மனம் தூண்டப்படுகிறது. 2022இல் நடுவண் அரசு பழுது நீக்கும் உரிமைக்கெனக் குழு அமைத்தமை இங்கு எண்ணத்தக்கது.

மாணவச் செல்வங்களே! பொருள் வாங்குமுன், 'இதனைச் செப்பனிட இயலுமா?' என வினவுங்கள். பளபளப்பு அன்று, நீடித்த பயனே பொருளுக்குப் பெருமை.