ஒரு வாட்டே உரக்கத்தான்

ஆனைகட்டி என்ற பெயர் எல்லைக்கோட்டின் இரண்டு பக்கமும் உண்டு. கோவையிலிருந்து வரும் பஸ் நிற்கும் இடம் தமிழ்நாடு. சோதனைச் சாவடியைத் தாண்டினால் கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், அட்டப்பாடி. இருட்டிவிட்டால் இரண்டு பக்கமும் அடங்கிவிடும். இந்த மாநிலத்தில் ஒருவர் இருமினால் அடுத்த மாநிலத்தில் கேட்கும் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். அப்படிப்பட்ட ஊரில் ஒரு கல்லூரி மாணவர் என்னிடம் கேட்டார்: "ஏனுங்ணா, வீட்டுல வச்சுப் பழக ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்கலாம்னு இருக்கேன். பதினஞ்சு வாட் போதுங்களா?" அவருடைய எலெக்ட்ரிக் கிடாருக்கே இன்னும் நாலு தவணை பாக்கி இருக்கிறது.

போதுமா என்று கேட்கிறார். வீடு தாங்குமா என்றுதான் கேட்டிருக்க வேண்டும்.

வாட் கணக்கு நம்மை ஏமாற்றும். 50 வாட் ஆம்ப்ளிஃபயர் 5 வாட்டைப் போலப் பத்து மடங்கு உரக்க ஒலிக்கும் என்று நினைக்கிறோம். காதின் கணக்கு வேறு. சக்தி பத்து மடங்கு கூடினால் ஒலி 10 டெசிபல் உயர்கிறது. காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தம், அவ்வளவுதான். அதாவது 5 வாட் என்பது 50 வாட்டின் பாதிச் சத்தம். கிடாருக்கான ஸ்பீக்கர்கள் பொதுவாக ஒரு வாட்டுக்கே ஒரு மீட்டர் தூரத்தில் 95 முதல் 100 டெசிபல் வரை தருபவை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு வகுத்திருக்கும் அளவு பகலில் 55 டெசிபல். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை 45. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்வது: 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 97 டெசிபலில் அரை மணி நேரம்தான். ஒரு வாட்டை முழுக்கத் திறந்து வைத்து முன்னால் உட்கார்ந்தால் கிட்டத்தட்ட அதுதான் கதி.

அப்படியிருக்க, வால்வு எதற்கு? தாத்தா வீட்டு வால்வு ரேடியோவைப் பார்த்தவர்களுக்கு அதன் சுபாவம் தெரியும். திருகியதும் பேசாது. கண்ணாடிக் குழாய்க்குள் இழை சூடேறி, சிவந்து, பிறகுதான் குரல் வரும். பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1960-களில் ரேடியோ வால்வுகளை இங்கேயே தயாரித்தது. டிரான்சிஸ்டர் வந்ததும் வால்வு பரணுக்குப் போயிற்று. கிடார்க்காரர்கள் மட்டும் அதை விடவில்லை. காரணம் ஒரு குறைபாடு. சக்திக்கு மீறி ஓட்டினால் சாதாரண டிரான்சிஸ்டர் சுற்று ஒலி அலையின் உச்சியைச் சட்டென்று வெட்டிவிடுகிறது. வால்வு கொஞ்சம் கொஞ்சமாக மழுக்குகிறது. அந்த மழுங்கலில் கரகரப்பும் இனிமையும் கலந்த ஒரு குரல் பிறக்கிறது. மெதுவாக மீட்டினால் தெளிவு, அழுத்தி மீட்டினால் கரகரப்பு. எல்லாம் விரலின் கட்டுப்பாட்டில். பழகுகிறவருக்கு இது பெரிய பாடம். விரலின் பிழை ஒளிந்துகொள்ள இடமிருக்காது.

சங்கடம் இங்கேதான். அந்தக் குரல் வர வேண்டுமானால் வால்வை அதன் எல்லை வரை விரட்ட வேண்டும். 15 வாட் ஆம்ப்ளிஃபயரை அப்படி விரட்டினால் தெரு கூடிவிடும். அடக்கி வாசித்தால் வால்வு தன் குணத்தில் பாதியைக் காட்டாது. வாங்கியவர் ஏமாந்தார் என்று அர்த்தம்.

தமிழ் படித்தவர்களுக்கு அகம், புறம் என்று பிரித்துப் பார்ப்பது கைவந்த பழக்கம். வாத்தியங்களுக்கும் அது பொருந்தும். நாகசுரம் வீதிக்கு உரியது. வீணை கூடத்துக்கு உரியது. அட்டப்பாடியில் இருளர்கள் ஊதும் கொகல் குழலும் உடன் முழங்கும் தோல் வாத்தியங்களும் திறந்த வெளியில் ஆட்டத்துக்காகப் பிறந்தவை. அவற்றை அறைக்குள் அடைத்துச் சத்தத்தைக் குறை என்பது அவற்றுக்குச் செய்யும் அவமரியாதை. ஆம்ப்ளிஃபயரிலும் மேடைக்குப் பிறந்தது உண்டு, அறைக்குப் பிறந்தது உண்டு.

அறைக்குப் பிறந்ததை மட்டமாக நினைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் 1940-களின் கடைசியில் மாணவர்களுக்காகக் கொண்டுவந்த சிறிய ஆம்ப்ளிஃபயர்தான் பிறகு 'சாம்ப்' என்று பெயர் பெற்றது. 1950-களின் சாம்ப்பில் மூன்றே வால்வுகள், ஏறக்குறைய 5 வாட், ஒரே ஒரு திருகு. அந்த மாணவர் பெட்டியை ஒலிப்பதிவுக்கூடத்துக்குள் கொண்டுபோனவர்களும் உண்டு. எரிக் கிளாப்டன் 1970-இல் 'லைலா' ஆல்பத்துக்கு வாசித்தது சிறிய சாம்ப் ஒன்றில்தான். மைக்கின் முன்னால் பெட்டியின் அளவு தெரிவதில்லை.

ஆகவே வீட்டுக்கு என்றால் 5 வாட் உச்சவரம்பு. ஒட்டிய சுவர், குழந்தை தூங்கும் வீடு என்றால் ஒரு வாட்டே தாராளம். சக்தியைப் படிப்படியாகக் குறைக்கும் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். 2009-இல் வந்த வாக்ஸ் ஏசி4டிவியில் 4 வாட், 1 வாட், கால் வாட் என்று மூன்று படிகள் இருந்தன. ஹெட்போன் வசதி உள்ளதும் உண்டு. ஒரு வாட் கொண்ட பிளாக்ஸ்டார் எச்டி-1 ஓர் உதாரணம்.

மின்சாரத்தில் விளையாட்டு கூடாது. எல்லைக்கு இந்தப் பக்கமானாலும் அந்தப் பக்கமானாலும் வீட்டுக்கு வருவது 230 வோல்ட்தான். அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கி வரும் பெட்டி 120 வோல்ட்டுக்கானதாக இருக்கலாம். பின்பக்கம் எழுதியிருப்பதைப் படிக்காமல் செருகினால் கருகிவிடும். எர்த் முள்ளை ஒருபோதும் பிடுங்காதீர்கள். உள்ளே 300 வோல்ட்டும் அதற்கு மேலும் ஓடும். இணைப்பைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்கள் உயிரைப் பறிக்கும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். மூடியைத் திறப்பது தெரிந்த மெக்கானிக்கின் வேலை. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஆம்ப்ளிஃபயரை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

செலவு வாங்கியதோடு முடியாது. வால்வு தேயும் பொருள். இன்று அதைப் பெரும்பாலும் தயாரிப்பவை ரஷ்யா, சீனா, ஸ்லோவாக்கியா ஆகிய நாடுகளில் உள்ள சில தொழிற்சாலைகள். 2022 மார்ச்சில் ரஷ்யாவின் ஏற்றுமதித் தடையால் உலகெங்கும் வால்வு வியாபாரம் ஆடிப்போயிற்று. உக்ரைன் போரின் சூடு கிடார் பழகும் பையனின் பாக்கெட் வரை வந்தது. தவணை பாக்கி இருப்பவர் முதலில் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் பழகுவதில் எந்த இழுக்கும் இல்லை. விரல் பழகிய பிறகு வாங்கினால் வால்வு சொல்வது காதில் விழும்.

வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால், கடைக்கு உங்கள் கிடாரையே எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் எந்த அளவுக்கு வைக்க முடியுமோ அந்த அளவுக்கு மேல் திருகைத் திருப்பாதீர்கள். "கொஞ்சம் ஏத்தி வாசிச்சுப் பாருங்க சார்" என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். மறுத்துவிடுங்கள். அந்தத் தணிந்த குரலில் பிடித்திருந்தால் வாங்குங்கள். பிடிக்காவிட்டால் பணத்தோடு பஸ் ஏறுங்கள்.