முதல் சந்திப்புக்கு முன்பே கட்டணத்தைக் கேளுங்கள்

மனநல ஆலோசகரைப் பார்க்கத் துணிந்து போகும் மாணவர்கள் சிலர் இரண்டாவது, மூன்றாவது சந்திப்போடு நின்றுவிடுகிறார்கள். என்னிடம் மனம்விட்டுப் பேசியவர்கள் சொன்ன காரணம் பணம். கட்டணம் அதிகம் என்பதைவிட, எவ்வளவு ஆகும் என்று யாரும் முன்கூட்டியே சொல்லாததுதான் அவர்களை அதிகம் பயமுறுத்தியது.

ஒரு கல்லூரி மாணவியின் கதை இது. முதல் சந்திப்புக்கு 180 ரிங்கிட் கட்டினார். அடுத்த வாரம் காய்ச்சல். வர இயலாது என்று அன்று காலையில் வாட்ஸ்அப் அனுப்பினார். முழுக் கட்டணத்துக்கும் பில் வந்தது. 24 மணி நேரத்துக்கு முன் சொல்லாவிட்டால் பணம் கட்ட வேண்டும் என்ற விதி, அவர் கையெழுத்திட்ட பாரத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்ததாம். பிடிபிடிஎன் பணத்திலிருந்து கட்டினார், பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. தூக்கமின்மையும் பதற்றமும் மட்டும் அவரோடு தங்கிவிட்டன.

அந்த விதியை நான் குறை சொல்லமாட்டேன். உங்களுக்காக ஒதுக்கிய ஒரு மணி நேரத்தை ஆலோசகர் வேறொருவருக்குக் கொடுக்க முடியாது. ஆனால் அதை வாய்திறந்து சொல்லியிருக்க வேண்டும். நாமும் கேட்டிருக்க வேண்டும். மஸ்ஜித் இந்தியாவில் சேலைக்கு அரை மணி நேரம் பேரம் பேசும் நம் அம்மாக்கள்கூட, கிளினிக் முகப்பில் கட்டணம் கேட்கக் கூச்சப்படுவார்கள். அந்தக் கூச்சம் நமக்கும் வந்திருக்கிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் தனியார் ஆலோசனைக்கு ஒரு முறைக்கு 150 முதல் 300 ரிங்கிட் வரை கேட்பது சாதாரணம். வாரம் ஒரு முறை என்றால் மாதம் 600 ரிங்கிட்டுக்குக் குறையாது. அதனால் தேதி குறிக்கும்போதே வாட்ஸ்அப்பில் கேளுங்கள்: ஒரு சந்திப்பு எத்தனை நிமிடம்? முதல் சந்திப்புக்குத் தனிக் கட்டணம் உண்டா? உளவியல் சோதனை வைத்தாலோ, பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதித் தந்தாலோ எவ்வளவு? தேதியை மாற்றினால் என்ன ஆகும்? மாணவர் கட்டணம் இருக்கிறதா? பதில் எழுத்தில் இருக்கட்டும். பத்துச் சந்திப்புகளுக்கு மொத்தமாகப் பணம் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். அந்த ஆலோசகரோடு ஒத்துப்போகுமா என்பதே தெரியாத முதல் நாளில் அப்படிக் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 18 வயது நிறையாதவர்கள் பெற்றோர் இல்லாமல் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திட வேண்டாம்.

தனியார் மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்ப்பவர்களுக்குச் சட்டம் துணை நிற்கிறது. தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டத்தின் கீழ் 2006-இல் வந்த விதிமுறைகள்படி, உத்தேசச் செலவை முன்கூட்டியே அறியவும், எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் பில்லைக் கேட்டுப் பெறவும் நோயாளிக்கு உரிமை உண்டு. கடைவரிசை மாடியில் இயங்கும் ஆலோசனை மையத்துக்கு இந்த விதிமுறைகள் அப்படியே பொருந்திவிடாது. எழுத்தில் கேட்டு வைப்பது அங்கேதான் கூடுதல் அவசியம்.

ஆலோசகரின் பதிவு எண்ணையும் கேளுங்கள். 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி, ஆலோசகராகத் தொழில் செய்பவர் ஆலோசகர் வாரியத்தில் பதிந்து, தொழில் சான்றிதழும் வைத்திருக்க வேண்டும். ‘லைஃப் கோச்’ என்று இன்ஸ்டகிராமில் விளம்பரம் செய்பவர் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. அவரும் 200 ரிங்கிட் வாங்கக்கூடும்.

பதிவு எண்ணால் உங்கள் வீட்டுக்கும் ஒரு லாபம் உண்டு. மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், பதிவு பெற்ற ஆலோசகர் ஆகியோரிடம் பெறும் மனநல ஆலோசனைச் செலவை வருமான வரி விலக்கில் காட்டலாம். முழு உடல் பரிசோதனையையும் சேர்த்து 1,000 ரிங்கிட் வரை. பிள்ளைக்காகச் செய்த செலவும் இதில் அடங்கும். ரசீது இல்லாமல் இது நடக்காது. ‘டிரான்ஸ்ஃபர் பண்ணியாச்சு’ என்ற ஸ்கிரீன்ஷாட் ரசீது ஆகாது.

கையில் பணம் தீர்ந்துபோனால், சொல்லாமல் காணாமல் போகாதீர்கள். வாரம் ஒரு முறையை மாதம் இரு முறையாக்க ஆலோசகரால் முடியும். பள்ளியிலும் அரசாங்கப் பல்கலைக்கழகத்திலும் ஆலோசனைப் பிரிவு இலவசம். சில பல்கலைக்கழகங்களில், முதுகலை பயிலும் ஆலோசகர்கள் விரிவுரையாளர் மேற்பார்வையில் குறைந்த கட்டணத்துக்குப் பார்க்கிறார்கள். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் மலேசியர்களுக்கு 1 ரிங்கிட்தான். அங்கிருந்து கடிதம் வாங்கிப் போனால் மருத்துவமனை நிபுணரை 5 ரிங்கிட்டில் பார்க்கலாம், ஆனால் தேதி கிடைக்க நாளாகும். அதுவரை தாங்காது என்று தோன்றினால் சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவை இருக்கிறது. எண் 15555.