பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடமும் வேண்டும்

2024 மார்ச்சில் புதுவை நகரில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி பாலியல் கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டாள். நகரமே கொதித்தெழுந்தது. மார்ச் 8, சர்வதேச மகளிர் தினத்தன்று, கடைகள் அடைக்கப்பட்டன. கைதானவர்கள் எங்கிருந்தோ வந்த அந்நியர்கள் அல்ல, அக்கம்பக்கத்தார். மறுவருஷம் பிப்ரவரியில், புதுவைப் பகுதித் தனியார் பள்ளி ஒன்றின் சின்னஞ்சிறு மாணவியிடம் தகாத முறையில் நடந்ததாக எழுந்த புகாரில் உபாத்தியாயர் ஒருவரே கைதானார்.

"தூக்கில் போடு" என்ற கோஷம் எழுந்தது. கோபம் நியாயமே. ஆனால் தூக்குக்கயிறு குற்றம் நடந்த பிறகு வருவது. குழந்தை உயிரோடிருக்கையிலேயே வரவேண்டியது என்ன? பள்ளிக்கூடப் பாடம் என்கிறோம் நாம்.

2007-ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் விசாரித்தார்கள். நூற்றுக்கு 53 பேர் ஏதோவொரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானவர்கள். ஆண் பிள்ளைகளும் இதில் சரிபாதி. தொல்லை கொடுத்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. எப்படித் திறக்கும்? நடந்ததைச் சொல்ல அதற்கு வார்த்தையே நாம் கற்றுக் கொடுக்கவில்லை. தட்டுத் தடுமாறிச் சொன்னாலும், "வாயை மூடு, மானம் போகும்" என்கிறோம்.

அதே 2007-ல் வளரிளம் பருவக் கல்வியைப் பள்ளிகளில் கொண்டுவர முயன்றபோது, பண்பாடு கெட்டுவிடும் என்று சொல்லி மகாராஷ்டிரம், கர்நாடகம் முதலிய மாநிலங்கள் மறுத்துவிட்டன. குழந்தை வாயடைத்து நிற்பதுதான் பண்பாடா?

இனி நம் வீட்டுக் கதையையும் பேசுவோம். 1936 ஜூலை 30-ல் சவானா மில் வேலைநிறுத்தத்தில் பிரெஞ்சு ஏகாதிபத்தியத்தின் குண்டுக்கு 12 தொழிலாளர்கள் பலியானார்கள். அந்தத் தியாகத்தில் விளைந்ததுதான் எட்டு மணி நேர வேலை. மேஸ்திரி கை ஓங்கினால் பொறுக்காத பரம்பரை நாம். வீட்டில் கை ஓங்குவது யார்? குடியும் வறுமையும் காரணம் என்பார்கள். ஓரளவு உண்மை. ஆனால் குடித்தவன் முதலாளியை அடிப்பதில்லை, பெண்சாதியைத்தான் அடிக்கிறான். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், மனைவியை அடிக்க ஏதாவதொரு நியாயம் உண்டென்று நூற்றுக்கு 44 ஆண்களும் 45 பெண்களும் சொல்லியிருக்கிறார்கள். அடியைப் பார்த்து வளரும் பையன் அதை ஆண்பிள்ளையின் உரிமை என்று படித்துக்கொள்கிறான். அந்தப் பாடத்துக்குப் புத்தகமும் வேண்டாம், பரீட்சையும் வேண்டாம்.

ஆகவே பள்ளிப் பாடம் பெண் குழந்தைக்கு மட்டும் "ஜாக்கிரதையாக இரு" என்று சொல்வதாக இருந்தால் போதாது. பையன்களுக்கும் வேண்டும். 2024-ல் கேரளத்தின் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் அப்பா தேங்காய் துருவுகிற படம் வந்தது. சின்ன விஷயம்தான், ஆனால் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார்கள்.

மில்கள் 2020-ல் மூடப்பட்ட பிறகு தாயும் தகப்பனும் கிடைத்த வேலைக்கு ஓடுகிறார்கள். பாகூர் வயலில் நாற்று நடும் தாய் பிள்ளையை யாரை நம்பி விட்டுப் போவாள்? வசதி படைத்தவன் காவலுக்கு ஆள் வைப்பான். ஏழைப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமே காவல்.

இது புதிய கோரிக்கையுமல்ல. 2012 போக்சோ சட்டத்துக்கு 2020-ல் வகுத்த விதிகளே, வயதுக்கேற்ற பாடத்தை அரசு தயாரிக்க வேண்டும் என்கின்றன. புதுவை சர்க்கார் பள்ளிகள் மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன என்பது சாக்காகாது. வருஷத்துக்கொரு நாள் யாரையோ அழைத்துப் பேசவைத்துக் கணக்கு முடிப்பதும் ஆகாது. பயிற்சி பெற்ற உபாத்தியாயர், வாரம் ஒரு வகுப்பு, பள்ளிக்குள்ளேயே குற்றம் நடந்தால் குழந்தை அஞ்சாமல் முறையிட வெளியாரும் இடம்பெற்ற குழு — இவை வேண்டும்.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்; பாதி பெண்கள். தோழர்களே, அடுத்த கூட்டத்துக்குப் போங்கள், அரைநாள் கூலி போனாலும் சரி. இந்தப் பாடத்தைத் தீர்மானமாக முன்மொழியுங்கள். குழந்தைகள் உதவிக்கு அழைக்கும் 1098 என்ற எண்ணை ஒவ்வொரு வகுப்புச் சுவரிலும் எழுதச் சொல்லுங்கள்.