மாமிட்டுவின் கைகள்

சென்ற வாரம் ஒரு நாளிதழின் உள்பக்கத்தில் விரற்கடை நீளத்துக்கு ஒரு செய்தி. மே 23 உலக பௌத்திர ஒழிப்பு நாள் என்று தலைப்பு. ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கான பெண்களுக்குப் பிரசவத்தின்போது பௌத்திரம் வருகிறது என்று கீழே நான்கு வரி. காபி ஆறிப்போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பௌத்திரம் என்றால் என்னவென்று நம் ஊர்ப் பேருந்து நிலையச் சுவரைக் கேட்டால்கூடச் சொல்லும். மூலத்துக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்திருப்பார்கள். ஆசனவாய் ஓரத்தில் வருகிற புரையோடிய புண் அது. ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும். பிரசவத்தில் வருவது முற்றிலும் வேறு. ஆங்கில மருத்துவத்தில் இரண்டுக்கும் ஃபிஸ்டுலா என்று ஒரே பெயர். உடம்புக்குள் வழி இருக்கக் கூடாத இடத்தில் வழி உண்டாகிவிட்டால் அவர்களுக்கு எல்லாமே ஃபிஸ்டுலாதான். செய்தியை மொழிபெயர்த்தவர் அகராதியில் முதலில் கண்ட சொல்லோடு திருப்தியடைந்துவிட்டார். பக்கவாதத்தை மாரடைப்பாக்கிய செய்தியைப் பற்றி இதே பத்தியில் நான் கொதித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. மறுபடியுமா என்று வாசகர்கள் நினைக்கலாம். மறுபடியும்தான். ஒரு பெண்ணின் வேதனைக்குத் தப்பான பெயரைச் சூட்டினால் அந்த வேதனை வாசகனுக்குப் போய்ச் சேராது.

சரியான சொல்லைத் தேடி, எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற மகப்பேறு மருத்துவர் ஒருவருக்குத் தொலைபேசினேன். முப்பது வருடத்துக்கு மேல் அரசு மருத்துவமனைகளில் பிரசவம் பார்த்தவர். "டாக்டரம்மா, இதைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள்?" என்றேன்.

"மூத்திரப் பையில பொத்தல் விழுந்திருக்குன்னுதான் சொல்லுவோம். அதுக்கு மேல என்ன வார்த்தை வேணும் உங்களுக்கு?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நான் படிச்சு முடிச்ச புதுசுல வார்டுல ரெண்டு மூணு பேராவது இருப்பாங்க. இப்பல்லாம் கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு அப்புறம்தான் எப்பவாவது ஒண்ணு வருது. பிரசவத்துல வர்றதைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆச்சு" என்றார்.

பொத்தல். இந்தச் சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.

தலை இடுப்பெலும்பில் சிக்கிக்கொள்ள, குழந்தை வெளியே வர முடியாமல் நிற்கிறது. மருத்துவமனை பக்கத்தில் இருந்தால் வயிற்றைக் கிழித்து எடுத்துவிடுவார்கள், அரை மணி நேர வேலை. இல்லையென்றால் வலி ஒரு நாள், இரண்டு நாள், நான்கு நாள் என்று நீள்கிறது. குழந்தையின் தலைக்கும் தாயின் எலும்புக்கும் நடுவே மூத்திரப் பையும் பிறப்புறுப்பின் சதையும் மாட்டி நசுங்குகின்றன. இரத்தம் ஓடாத சதை செத்துப்போகிறது. குழந்தை பெரும்பாலும் இறந்தே பிறக்கிறது. சில நாளில் செத்த சதை கழன்று விழ, அந்த இடம் பொத்தலாகிறது. அதன் பிறகு மூத்திரம் நிற்பதே இல்லை, இரவும் பகலும் கால் வழியே ஒழுகிக்கொண்டே இருக்கும். சிலருக்கு மலமும். ஒழுக்கு குறையட்டும் என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். மூத்திரம் கெட்டியாகி நாற்றமும் புண்ணும்தான் கூடுகின்றன. புருஷன் விலக்கிவிடுகிறான். பேருந்தில் ஏற்ற மாட்டார்கள். வீட்டுக்கு வெளியே ஒரு குடிசையில், மாதக்கணக்கில் சுருண்டு படுத்தே கிடந்து கால் மடங்கிப்போனவர்கள் உண்டு.

இடுப்பெலும்பு முழுதாக வளருமுன் கட்டிக்கொடுக்கப்பட்ட சிறுமிகளுக்கு ஆபத்து கூடுதல். அதற்காக, இளவயதுக் கல்யாணம்தான் காரணம் என்று முடித்துவிடக் கூடாது. முப்பது வயதில் நான்காவது பிரசவத்திலும் இது வருகிறது. நேரத்துக்குக் கத்தி வைக்க ஆள் இல்லாததுதான் காரணம். உலகில் சுமார் 5 லட்சம் பெண்கள் இந்தப் பொத்தலோடு வாழ்கிறார்கள் என்பது ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் மதிப்பீடு. பெரும்பகுதி ஆப்பிரிக்காவில்.

இந்த வாரம் அந்த ஒழிப்பு நாளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். விவரம் சரிபார்க்க அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தேன், அதோடு செய்தி போய்விட்டது. திருவல்லிக்கேணி நடைபாதையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்கியது, காத்தரின் ஹாம்லின் எழுதி 2001இல் வந்த 'தி ஹாஸ்பிடல் பை தி ரிவர்'. எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை.

காத்தரின் ஆஸ்திரேலியர். கணவர் ரெஜினால்ட் நியூசிலாந்துக்காரர். இருவரும் மகப்பேறு மருத்துவர்கள். எத்தியோப்பியாவில் தாதியர் பள்ளி தொடங்க ஆள் தேவை என்று 'லான்செட்' இதழில் வந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, ஆறு வயது மகனோடு 1959இல் அடிஸ் அபாபா வந்து இறங்கினார்கள். ஒப்பந்தம் மூன்றே வருடம். வந்த பிறகுதான் பொத்தலோடு வரும் பெண்களைப் பார்க்கிறார்கள். அதற்கு முன் இருவரும் இந்த நோயாளி ஒருவரைக்கூடக் கண்டதில்லை! பழைய கட்டுரைகளைத் தேடித் தேடிப் படித்து, வரைபடங்களைப் பார்த்து, அறுவையைத் தாங்களே கற்றுக்கொண்டார்கள். அவர்கள் படித்தவர்களில் ஒருவர் கெய்ரோவின் மகப்பேறு மருத்துவர் நஜீப் மஹ்ஃபூஸ். 1911இல் கெய்ரோவில் ஒரு சிக்கலான பிரசவத்தை அவர் காப்பாற்றிக் கொடுக்க, பெற்றோர் நன்றியோடு அவருடைய முழுப்பெயரையே குழந்தைக்கு வைத்தார்கள். அந்தக் குழந்தைதான் 1988இல் இலக்கிய நோபல் வாங்கிய நஜீப் மஹ்ஃபூஸ். அந்த நாவல்களைப் படிக்கும்போதெல்லாம் இந்த மருத்துவர் எனக்கு நினைவுக்கு வருவார்.

புத்தகத்தில் என்னைக் கட்டிப்போடுவது ஹாம்லின் தம்பதி அல்லர். 1962இல் மலைநாட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து தூக்கிவரப்பட்ட மாமிட்டு காஷே. வயது பதினாறு இருக்கும். நாள்கணக்கில் வலி, குழந்தை போய்விட்டது, உடம்பெல்லாம் பொத்தல். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பெண். ஹாம்லின்கள் அறுவை செய்து காப்பாற்றினார்கள். ஊருக்குத் திரும்பாமல் அங்கேயே இருந்துவிட்டார். முதலில் படுக்கை விரிப்பு மாற்றினார், நோயாளிகளைத் துடைத்துவிட்டார். பிறகு அறுவைக் கூடத்தில் கருவியை எடுத்துக் கொடுக்கவும் பிடித்துக்கொள்ளவும் வைத்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் ரெஜினால்ட் தையல் போடும் வேலையை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். கொஞ்சம் கொஞ்சமாக, தொடக்கம் முதல் முடிவு வரை தானே செய்யும் அறுவையாளரானார் மாமிட்டு. 1974இல் ஹாம்லின்கள் இந்தப் பெண்களுக்கென்றே தனி மருத்துவமனை கட்டியபோது அதன் முக்கியக் கைகளில் இரண்டு அவருடையவை. வெளிநாட்டிலிருந்து பட்டத்தோடு பயிற்சிக்கு வந்த மருத்துவர்கள், கையெழுத்துப் போடத் தெரியாத அந்த அம்மாவின் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டு போனார்கள்.

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு அமெரிக்காவின் அலபாமா ஞாபகம் வந்துவிடும். இந்த அறுவைக்குத் தந்தை என்று பாடப்புத்தகங்கள் சொன்னது மரியன் சிம்ஸ் என்ற மருத்துவரை. 1845 முதல் 1849 வரை மான்ட்கோமரி நகரில், தன் வீட்டுக் கொல்லையில் கட்டிய சிறு மருத்துவமனையில், கறுப்பின அடிமைப் பெண்களை வைத்து இதைப் பழகினார். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துப்போகப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். மூவரின் பெயர்தான் நமக்குத் தெரியும்: அனார்க்கா, பெட்சி, லூசி. அனார்க்காவுக்கு மட்டும் முப்பது அறுவை. மயக்க மருந்து கிடையாது. சம்மதம் கேட்க வேண்டிய இடத்தில் எசமானர்களைக் கேட்டார்கள்.

பலரும் விட்டுவிடும் விவரம் ஒன்று உண்டு. தோல்விமேல் தோல்வி வந்து சக மருத்துவர்கள் விலகிப்போனதும், அறுவைக்குக் கைகொடுத்தவர்கள் அந்தப் பெண்களேதான். ஒருத்தியின் உடம்பைக் கத்தி கிழிக்கும்போது மற்றவள் பிடித்துக்கொண்டாள், கருவி கொடுத்தாள். அந்தக் காலத்தில் இந்த அறுவையை அவர்களைவிட நெருங்கிப் பார்த்தவர்கள் யாரும் இருந்திருக்க முடியாது. அவர்களுக்குத் தெரிந்திருந்ததை யாரும் எழுதி வைக்கவில்லை. சிம்ஸுக்கு நியூயார்க்கின் மத்தியப் பூங்கா ஓரத்தில் சிலை நின்றது. 2018 ஏப்ரலில்தான் அதை அகற்றினார்கள்.

மாமிட்டுவும் நோயாளியாக வந்து, பிடித்துக்கொள்ளப் போய், கற்றுக்கொண்டவர்தான். மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் அவரை என்னவாகப் பார்த்தார்கள் என்பதில்தான் முழு வித்தியாசமும் இருக்கிறது. 1989இல் லண்டன் ராயல் அறுவை மருத்துவக் கல்லூரி தன் தங்கப் பதக்கத்தை ஹாம்லின் தம்பதிக்கும் மாமிட்டுவுக்கும் சேர்த்தே கொடுத்தது. எழுதப் படிக்க அவர் இராப்பள்ளியில் சேர்ந்தது பல ஆண்டுகள் அறுவை செய்த பிறகு. சின்னப் பிள்ளைகளின் வகுப்புப் பாடத்திலிருந்து தொடங்கினார்.

காத்தரின் 2020 மார்ச்சில், 96 வயதில் இறந்தபோது உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. எழுத வேண்டியதுதான், பெரிய மனுஷி. ஆனாலும் அந்தக் கட்டுரைகளில் மாமிட்டுவுக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒரு பத்தி. ஆப்பிரிக்கப் பெண் என்றால் காப்பாற்றப்படுகிறவள், காப்பாற்றுகிறவர் வெளியிலிருந்து வருகிறவர் என்று உலகம் எழுதிப் பழகியிருக்கிறது. என் அலமாரியில் காத்தரினின் புத்தகம் இருக்கிறது. மாமிட்டு எழுதிய புத்தகம் இல்லை. இது எனக்குப் பெரிய குறை.

பொத்தலைத் தைப்பது இரண்டாவது வேலைதான் என்பது ஹாம்லின்களுக்குத் தெரியாததல்ல. விழாமல் தடுக்க வேண்டும். எத்தியோப்பியாவில் 2000ஆம் ஆண்டின் தேசிய ஆய்வுப்படி, 100 பிரசவத்தில் 5தான் மருத்துவ நிலையத்தில் நடந்தன. 2019இல் 48. இடைப்பட்ட காலத்தில் அரசு ஆயிரக்கணக்கான இளம்பெண்களைப் பயிற்றுவித்துக் கிராமங்களுக்குச் சுகாதாரப் பணியாளர்களாக அனுப்பியது. நிலையங்களின் பக்கத்திலேயே நிறைமாதப் பெண்கள் வந்து தங்கிக் காத்திருக்க வீடுகள் கட்டினார்கள். 2007இல் ஹாம்லின்கள் பெயரில் தாதியர் கல்லூரி தொடங்கியது. நாட்டுப்புறத்துப் பெண்களையே தேர்ந்தெடுத்து, நான்கு வருடம் படிக்கவைத்து, அவரவர் பகுதிக்கே திருப்பி அனுப்புகிறார்கள். வலி எடுத்தவளைப் பார்த்ததும் இது சிக்கும், இப்போதே அனுப்பு என்று சொல்ல ஒருத்தி அந்த ஊரில் இருந்தால் போதும். பாதி வழி கடந்தாயிற்று. 2019 கணக்கில் மறுபாதி இன்னும் வீட்டில்தான் பிரசவித்தது.

அடிஸ் அபாபா மருத்துவமனையும் கிளைகளும் இதுவரை 60,000க்கு மேற்பட்ட பெண்களுக்குச் சிகிச்சை அளித்திருக்கின்றன. கட்டணம் கிடையாது. குணமாகி ஊருக்குப் புறப்படும் அன்று ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு புதுத்துணியும் பேருந்துக் காசும் கொடுத்து அனுப்புகிறார்கள்.