கைது எண்ணிக்கை போதுமா?

மாவட்டச் செய்திப் பக்கத்தில் இது வராத நாள் அரிது: மது பாட்டில்களைப் பதுக்கி விற்றவர் கைது. பகல் 12 மணிக்கு டாஸ்மாக் திறக்கும்வரை, காலையில் கூடுதல் விலைக்கு விற்கும் சில்லறை ஆசாமி அவர். சீக்கிரமே ஜாமீனில் வந்துவிடுவார். காவல் நிலையத்துக்கு ஒரு வழக்கு எண் கிடைத்துவிடும். அந்த மாதக் கணக்கும் நேராகிவிடும்.

ஆனால் இந்தக் கணக்கு உயிர்களைக் காக்கவில்லை. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் 20-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. உடனே மாநிலம் முழுக்க அதிரடி வேட்டை நடந்தது, கைதுகள் குவிந்தன. அடுத்த ஆண்டு ஜூனில், கள்ளக்குறிச்சி நகருக்குள்ளேயே இருக்கும் கருணாபுரத்திலும் சுற்றுப்புற ஊர்களிலும் மெத்தனால் சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் விற்றவர் போலீஸுக்குப் புதியவர் அல்லர். ஏற்கெனவே பல வழக்குகளைப் பார்த்தவர். வழக்கு போட்டார்கள், வெளியே வந்தார், மறுபடி விற்றார்.

சாராயம் எங்கே விற்கிறது என்பது தெருவுக்கே தெரியும். முதலில் எதிர்த்துப் பேசுபவர்களும் குடிப்பவர்களின் வீட்டுப் பெண்கள்தான். புகார் சொன்னவர் பெயர் மறுநாளே விற்றவன் காதுக்கு எட்டுகிறது, அவனோ ஒரு வாரத்தில் அதே முனையில் நிற்கிறான் என்றால், அடுத்த முறை யார் வாய் திறப்பார்கள்? ஊரின் கட்டுப்பாடு அங்கேதான் உடைகிறது. அதன்பிறகு எத்தனை ரோந்து விட்டும் பயனில்லை.

கருணாபுரத்துக்குப் பிறகு மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தினார்கள். உயிரிழப்பு நேர்ந்தால் ஆயுள் தண்டனை, 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். வரவேற்கிறோம். ஆனால் அந்தத் தண்டனை நீதிமன்றத்தில் நிலைக்க வேண்டுமே! ஆய்வக அறிக்கை தாமதமாகிறது, மகஜர் சாட்சி பிறழ்கிறார், விசாரித்த அதிகாரி மாறுதலில் போய்விடுகிறார். இந்தப் பாதையில் போகும் வழக்குக்கு ஆயுளும் ஒன்றுதான், ஆறு மாதமும் ஒன்றுதான். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், போலீஸ் அறிக்கையைச் சரிபார்த்து வழக்கை விரைவுபடுத்தும் பொறுப்பை அரசு வழக்கு நடத்தும் இயக்ககத்துக்கே கொடுத்திருக்கிறது. அந்த அதிகாரத்தை முதலில் மெத்தனால் வழக்குகளில் பயன்படுத்தட்டும்.

மெத்தனால் குடிசையில் காய்ச்சும் சரக்கல்ல. தொழிற்சாலையில் தயாராகி, உரிமத்தோடு விற்கப்பட்டு, கணக்கில் ஏறும் ரசாயனம். அது எந்தக் கிடங்கிலிருந்து கசிந்தது என்று பின்தொடர்ந்து போக, ஓர் ஆய்வாளருக்கு மாதக்கணக்கில் நேரம் வேண்டும். அந்த மாதங்களில் அவருடைய கைது எண்ணிக்கை குறையும். அதற்காக அவரிடம் மேலதிகாரி விளக்கம் கேட்கக் கூடாது.

சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பில் எத்தனை வழக்கு, எத்தனை பேர் கைது என்று ஒவ்வோர் ஆண்டும் படிக்கிறோம். எத்தனை வழக்கில் தண்டனை கிடைத்தது, எத்தனை வழக்கில் மெத்தனால் வந்த வழி கண்டுபிடிக்கப்பட்டது என்ற இரண்டு எண்களையும் அமைச்சர் அதே பக்கத்தில் அச்சிட்டுத் தரவேண்டும்.